செட்டிநாட்டு வீடு: விலை பேசும் முன் கையெழுத்தை எண்ணுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஓர் ஊர். கேட்பவருடைய ஐயாவின் அப்பா கட்டிய வீடு. முன் வாசல் ஒரு தெருவில், பின் வாசல் அடுத்த தெருவில். பொங்கலுக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் மட்டும் திறக்கிறார்கள். பங்காளிகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் தங்கும் விடுதி நடத்த முழு வீட்டையும் விலைக்குக் கேட்கிறார். மரக்கடைக்காரர் ஒருவர் தூண், கதவு, உத்திரத்துக்கு மட்டும் ஒரு தொகை சொல்கிறார். "என் பங்கை மட்டும் விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா அண்ணே? வாங்க வருகிறவர் எதையெல்லாம் நோண்டுவார்?"

தம்பி, ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பங்கை மட்டும் வெளியாளுக்கு விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நம் பக்கத்தில் வீட்டு விலை ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் படிந்துவிடும். கையெழுத்து படிவதற்குத்தான் வருஷக்கணக்கில் ஆகும். வாங்க வருகிறவர் முதலில் தூணைத் தடவிப் பார்ப்பார். விவரமானவராக இருந்தால் அடுத்த கேள்வி, "மொத்தம் எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும்?" அதற்குப் பட்டென்று பதில் சொல்ல முடிகிற வீட்டுக்குத்தான் நல்ல விலை.

அதனால் தரகரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பெரிய தாளை எடுத்து வம்சாவளி எழுதுங்கள். வீட்டைக் கட்டியவர் பெயர் மேலே. அவருக்கு மூன்று மகன்கள் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அதில் ஒரு மகனுக்கு இரண்டு ஆண், ஒரு பெண் என்றால் ஆளுக்கு ஒன்பதில் ஒன்று. அடுத்த தலைமுறையில் அது இருபத்தேழில் ஒன்று, முப்பத்தாறில் ஒன்று என்று இழைந்துவிடும். இறந்துபோனவரின் மனைவி இருந்தால் அவருக்கும் பங்கு. மகன் முந்திப் போய் அவன் தாயார் இருந்தால் அந்த ஆச்சிக்கும் பங்கு. ஒவ்வொரு சாவுக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். பழைய சாவுகளுக்குக் காகிதம் கிடைக்காமல் திண்டாடுவீர்கள். அப்போது வீட்டுப் பெட்டகத்தைக் குடையுங்கள். கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம், பழைய மொய்க் கணக்கு, கோயிலில் குடும்பக் கணக்கில் புள்ளி வரி கட்டிய ரசீது எல்லாம் யாருக்கு யார் பிள்ளை என்று காட்டிக்கொடுக்கும். சட்டப்படி அவை வாரிசுச் சான்றுக்கு ஈடாகாது. ஆனால் தாலுகா ஆபீசிலோ கோர்ட்டிலோ உங்கள் கணக்கை நிலைநிறுத்த அதைவிட நல்ல துணை கிடையாது.

இந்தத் தாளில் இரண்டு இடங்களில் தவறாமல் சிக்கல் வரும்.

ஒன்று, பிள்ளை கூட்டியது, அதாவது தத்து எடுத்தது. நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீடுகளில் சுவீகாரம் இல்லாத வம்சாவளி அபூர்வம். 1956ஆம் வருஷத்துச் சட்டப்படி, கூட்டிக்கொண்டு போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டில் புதிதாகப் பங்கு வராது; போன வீட்டில் சொந்த மகனுக்கு உள்ள எல்லா உரிமையும் உண்டு. சுவீகாரத்துக்கு முன்பே அவருக்கென்று சேர்ந்துவிட்ட சொத்து மட்டும் அவரோடு போகும். ஆகவே யார் எந்த வருஷம் போனார், சுவீகாரப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தையாகக் கூட்டிய பிள்ளை என்றால் பிறந்த வீடு, போன வீடு இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுவதே உத்தமம்.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். "கல்யாணத்தில் வைரமும் வெள்ளியும் சாமானும் வண்டி வண்டியாகக் கொடுத்தாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சீர் கொடுத்தது பங்கு கொடுத்ததாகாது. தமிழ்நாட்டில் 1989லேயே பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் பிறப்புரிமை வந்துவிட்டது. அந்த வருஷம் மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் இல்லை என்று வைத்திருந்தார்கள். 2005 செப்டம்பரில் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. அப்பா 2005ல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் அதைக் கலைக்க முடியாது, அவ்வளவுதான். குடியிருக்கும் வீட்டைப் பாகம் கேட்கப் பெண்களுக்கு இருந்த பழைய தடையும் 2005லேயே போய்விட்டது. அத்தைமார், அக்கா தங்கைகள் எல்லாரையும் முதலிலேயே உட்கார வைத்துப் பேசுங்கள். பத்திரம் எழுதும் நாளில் போய்க் கையெழுத்துக் கேட்டால் பணத்தைவிட மானம் பெரிதாகிவிடும். அதற்கப்புறம் எந்த விலையும் எடுபடாது.

இப்போது உங்கள் பங்கை மட்டும் விற்கும் விஷயம். விற்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் பிரிபடாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், உள்ளே வந்து மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்க அவருக்கு உரிமை கிடையாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு சொல்கிறது. அவர் பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். போட்டால், 1893ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, கோர்ட் மதிப்பிடுகிற விலைக்கு அந்தப் பங்கை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று உங்கள் பங்காளி கேட்கலாம். வாரிசாக வந்த பங்கை விற்கும்போது உடன் வாரிசுகளுக்கு முன்னுரிமை வேறு உண்டு. இவ்வளவையும் தெரிந்துகொண்டு வாங்க வருகிறவர் என்ன விலை சொல்வார்? தெரியாமல் வருகிறவர் பின்னால் உங்கள் மேலேயே வழக்குப் போடுவார். ஆகவே முழு வீடும் விற்காது என்றால் உங்கள் பங்கை ஒரு பங்காளிக்கே விடுதலைப் பத்திரமாக (உரிமையை விட்டுக்கொடுக்கிற பத்திரம்) எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குங்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, பாகம், செட்டில்மென்ட் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விற்பனைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. ஒரு எச்சரிக்கை: யாரெல்லாம் 'குடும்பம்' என்பதற்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நாம் பங்காளி என்று சொல்கிற அத்தனை பேரும் அதில் அடங்க மாட்டார்கள். பத்திர எழுத்தரிடம் உறவுமுறையைச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, பெட்டியில் இருக்கிற பழைய பத்திரங்கள். பாகப் பத்திரம் ஒன்று இருந்தால் அதைக் கடைசி வரி வரை படியுங்கள். நம் வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றப் பகுதியை, சுற்றியுள்ள அறைகளை ஆளுக்கு ஒன்றாக எழுதிவிட்டு, "முகப்பு, வளவு, நடை, கிணறு, பின்கட்டு ஆகியவை பொது" என்று முடித்திருப்பார்கள். அப்படியென்றால் உங்களுக்குத் தனியாக இருப்பது ஓர் அறை. அதற்கு வருகிற வழி எல்லாருக்கும் சொந்தம். அறையைப் பூட்டி சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பதால் வீடு பிரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அளவுகள் தச்சு முழத்தில் இருக்கும். பொதுவாக முழத்துக்கு 33 அங்குலம் என்று போட்டு, டேப்பைப் பிடித்து அளந்து சரிபாருங்கள். மாவட்டம் ராமநாதபுரம் ஜில்லா என்று இருந்தால் பதற வேண்டாம், சிவகங்கை 1985ல்தான் தனி மாவட்டமானது. ராயவரம், கடியாபட்டி பக்கம் என்றால் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பத்திர நடையே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டு தெருவுக்கும் நீளும் வீட்டில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. முன் பாதி ஒரு சர்வே எண்ணிலும் பின்கட்டும் தோட்டமும் இன்னொரு உட்பிரிவிலும் இருக்கலாம். பத்திரத்தில் ஒன்றை விட்டுவிட்டால் வாங்கியவருக்குப் பின் வாசலே சொந்தமில்லை. புலப்படத்தை (நில அளவை வரைபடம்) எடுத்து வைத்துக்கொண்டு நான்கு எல்லையையும் காலால் நடந்து பாருங்கள். கிராமத்தில் பெரும்பாலும் நத்தம், அதாவது குடியிருப்புக்கான நிலம். பட்டா யார் பெயரில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். கட்டியவர் பெயரிலேயே நிற்கும், இல்லாவிட்டால் ஊரில் தங்கிவிட்ட ஒரே பங்காளியின் பெயரில் மாறியிருக்கும். அவர் மோசம் செய்தார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். நிலவரித் திட்டத்துக்கு ஆட்கள் வந்தபோது வீட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதும் நடப்பதே. பட்டா மட்டும் உரிமையை உண்டாக்காது, உரிமையை அழிக்கவும் செய்யாது. ஆனால் விற்பனைக்கு முன் அதைக் கூட்டுப் பட்டாவாக மாற்றிவிட்டால் வாங்குபவரின் வக்கீல் பாதிக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். வில்லங்கச் சான்றை 1975லிருந்து இணையத்தில் எடுக்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள். பர்மாவில் தொழில் படுத்த காலத்தில் இங்குள்ள வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கியவர்கள் உண்டு. கடன் அடைந்திருக்கும், ரத்துப் பத்திரம் எழுதியிருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூர்ப் பங்காளி வந்து கையெழுத்துப் போட முடியாது என்றால் பவர் பத்திரம். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பியதும், இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தி முறைப்படுத்த வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள் நிறையப் பேர். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் பதிவின்போது கேட்பார்கள். பவரில் 'விற்கலாம்' என்பதோடு நிறுத்தாமல், குறைந்தபட்ச விலை என்ன, பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். அண்ணன் தம்பி உறவு முறியாமல் இருப்பதற்கு அந்த இரண்டு வரி போதும். பவரை வைத்துக்கொண்டே "வீடு என்னுடையது" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். பவரால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தீர்த்துச் சொல்லிவிட்டது.

சரி, பெங்களூர்க்காரர் கட்டடத்தில் என்ன பார்ப்பார்? இதை வாங்குகிற பக்கமிருந்தே சொல்கிறேன், நாளைக்கு நீங்களே இன்னொரு வீடு வாங்கினாலும் உதவும்.

பெரும்பாலும் எல்லாரும் மாசி, பங்குனியில் பளிச்சென்ற வெயிலில் வந்து பார்க்கிறார்கள். வளவு முற்றத்தில் வெளிச்சம் விழும், தரை மின்னும், கண்ணாடி ஜொலிக்கும். வீட்டைப் பார்க்க வேண்டியது ஐப்பசியில், நல்ல மழைக்கு மறுநாள் காலையில். நாட்டு ஓட்டுக் கூரையில் இரண்டு சரிவு சேருகிற கூடல்வாய்தான் முதலில் போகும். அதற்கு நேர் கீழே சுவரில் தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு இறங்கியிருந்தால், மேலே உத்திரத்தின் தலை சுவருக்குள் போகிற இடத்தில் ஏணி போட்டு ஏறி ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல பர்மாத் தேக்கு திருப்புளியைத் திருப்பி அனுப்பும். உளுத்திருந்தால் அரை அங்குலம் ஓசையில்லாமல் உள்ளே போகும். வெளியே பார்க்க வார்னிஷ் பளபளப்போடு இருக்கும். நடுவில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சுவருக்குள் ஈரத்தில் கிடக்கிற அந்த ஒரு முழம்தான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது. மாடியில் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம்) போட்டிருந்தால் அங்கும் இதே சோதனை.

கரையானுக்குத் தேக்கு அவ்வளவு லேசில் மசியாது. ஆனால் நடுவில் யாரோ ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தை மாற்றும்போது மலிவாகக் கிடைத்த நாட்டு மரத்தைப் போட்டிருப்பார்கள். அங்கே தொடங்கி நிலைக்கு இறங்கும். சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு, அந்த முட்டை வெள்ளை கலந்து கையால் தேய்த்த பளபளப்பு, இருக்கிற இடமும் பின்னால் சிமென்ட் பூசிய இடமும் தொட்டாலே தெரியும். சிமென்ட் பூசிய இடத்தில் ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பக்கத்துச் சுண்ணாம்புப் பூச்சையும் சேர்த்து உப்பிக் கொட்டும். மதில் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் இலையைப் பார்க்காதீர்கள், தண்டு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். விரல் தடிமன் என்றால் பிடுங்கலாம். கை தடிமன் என்றால் அந்தச் சுவரைக் கொஞ்சம் பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

வளவு முற்றத்து மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓடுகிற பாதாள வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றியே கண்டுபிடித்துவிடலாம். பல வீடுகளில் தெரு உயர்ந்து உயர்ந்து, வாய்க்கால் வாய் தார் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. தரை உடைந்திருப்பதற்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆத்தங்குடிக் கல் இன்றைக்கும் ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டில் கையால் வார்த்துக் கொடுக்கிறார்கள், உங்கள் பூவேலையைக் காட்டினால் அதேபோலச் செய்வார்கள். ஆனால் சுவரில் பதித்த ஜப்பான் டைல்ஸ், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் போனால் போனதுதான், அவை எத்தனை முழுசாக இருக்கின்றன என்பது விலையில் தெரிய வேண்டும். கரண்ட் வயரிங், கழிப்பறை இரண்டும் புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை, வயரிங், கழிப்பறை மூன்றுக்கும் ஆகும் செலவு வாங்கிய விலைக்குச் சமமாக வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். நகரத்து இன்ஜினியரைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். கூடவே ஓட்டுவேலை தெரிந்த ஓர் உள்ளூர் கொத்தனாரையும் ஆசாரியையும் கூட்டிப்போங்கள், கூரையைப் பற்றி அவர்கள் பேச்சையே நம்புங்கள். வங்கிக் கடனை எண்ணி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இவ்வளவு பழைய கட்டடத்துக்கு, அதுவும் இத்தனை பங்குதாரர்கள் என்றால், வங்கிகள் தயங்கும்.

இன்னொன்று யாரும் கேட்பதில்லை: வீட்டில் இப்போது யார் இருக்கிறார்? பின்கட்டில் குடியிருந்து வீட்டைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் குடும்பம், பின் தெருவில் ஐம்பது ரூபாய் வாடகைக்கு எப்போதோ விட்ட தையல் கடை. இவர்களுக்கு விற்பவர் ஏதாவது கொடுத்து, மரியாதையாகப் பேசி, காலி செய்ததற்கு எழுதி வாங்கின பிறகுதான் பத்திரம். தலைமுறையாக உங்கள் வீட்டைக் காத்தவர்களுக்குக் கொடுப்பதில் கை சுருக்காதீர்கள்.

மரக்கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அடுக்கி வைத்திருக்கிற தூணும் கதவும் நிலையும் இப்படிப் பிரித்த வீடுகளிலிருந்து வந்தவைதான். அவர் சொல்லும் தொகை கையில் ரொக்கமாக வரும், கையெழுத்துத் தொல்லை குறைவு என்று தோன்றும். அதுதான் ஆபத்து. பொதுவான வளவுத் தூணை நீங்கள் மட்டும் விற்றால் மற்ற பங்காளிகள் உங்கள் மேல் வழக்கும் போடலாம், போலீசுக்கும் போகலாம். அவர் நல்ல மரத்தை மட்டும்தான் எடுப்பார். தூணை எடுத்த பிறகு கூரை ஒரு மழைக்குத் தாங்காது, இடிபாட்டை அள்ளுகிற செலவு உங்கள் தலையில் விழும். அப்புறம் அது வீடே இல்லை, வெறும் மனை. உள்ளூரில் மனைக்கு என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும். கூரை ஏற்கெனவே விழுந்து மூன்று பக்கச் சுவரும் போன வீடு என்றால் நானே மரத்தை விற்கச் சொல்வேன். அப்போதும் எல்லாருடைய ஒப்புதலோடு, இடிபாடு அகற்றுவதையும் அவர் தலையில் கட்டி. பெங்களூர்க்காரர் ஒருவர் வாசலில் நிற்கும்போது ஒரு கதவைக்கூடக் கழற்றாதீர்கள். கழற்றின கதவு வெளிநாட்டுக்குப் போகும் என்று யாராவது ஆசை காட்டினால், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட, கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும் என்பதை நினைவில் வையுங்கள். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.

யுனெஸ்கோ பட்டியலைப் பற்றியும் கேட்பீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014ல் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. அதனால் மட்டும் உங்கள் வீட்டை விற்கவோ பழுது பார்க்கவோ தடை எதுவும் இல்லை, விலையும் தானாக ஏறாது. திருமயம் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்துக்குப் பக்கத்து வீடு என்றால் கதை வேறு: 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும்.

விலை படிந்ததும் ஒப்பந்தம் எழுதும்போது, வீட்டோடு என்னென்ன போகிறது என்று ஓர் இணைப்புப் பட்டியல் வைத்துவிடுங்கள். தூண் எத்தனை, கதவு எத்தனை, ஊஞ்சல், பெட்டகம், சாமி அறையில் பதித்த படங்கள், விளக்குகள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தத்துக்கும் பத்திரத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் பூட்டிய வீட்டிலிருந்து பித்தளைக் கைப்பிடி வரை காணாமல் போவது வழக்கம்தான். முன்னோருக்குப் படைக்கும் சேலை, வேட்டி வைத்த பெட்டியை எந்தப் பங்காளி வீட்டுக்கு எடுத்துச் செல்வது, அடுத்த படைப்பு எங்கே என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன் வீட்டுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். வெளியே சிறியதாகத் தெரியும், பல விற்பனைகள் நின்றுபோனது இதில்தான். சிலர் வருஷத்தில் ஒரு நாள் படைப்புக்கு வீட்டைத் தருவதாக வாங்குபவரிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். விடுதி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு அது கட்டாயம். வாங்குபவர் ஒரு தமிழ் நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுக்கச் சொன்னால் கோபப்பட வேண்டாம். விட்டுப்போன வாரிசு வருவதென்றால் இப்போதே வரட்டும்.

பண விஷயத்தில், அட்வான்ஸ் உட்பட 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே தொகை அபராதம். மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பங்கு பங்காகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் குறைவாக வருகிறதே என்று தப்பிக்க முடியாது. வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்கு இந்த 50 லட்ச வரம்பே கிடையாது, 12.5 சதவீதமும் அதற்கு மேல் உபரி வரியும் பிடிப்பார்கள். லாபம் குறைவு என்றால், குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். வாங்க நாளாகும் என்பதால் ஒப்பந்தத்தன்றே விண்ணப்பியுங்கள். அவருக்குப் பணம் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) விழும், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

லாபக் கணக்குக்கு 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த வழிகாட்டி மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். இங்கே குடியிருப்பவர்கள் 12.5 சதவீதமா, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். 2024 ஜூலை 23க்கு முன் கைக்கு வந்த சொத்துக்கு இந்தச் சலுகை உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. ஒரே வீடு, ஒரே விலை, ஆனால் ஒவ்வொரு பங்காளி கைக்கும் வேறு வேறு தொகை வரும் என்பதை முன்னாலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு எழுதியவர் மேல் பழி வரும். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறையும் என்கிற சலுகை 10 லட்சம் வரையான சொத்துக்குத்தான். வளவு வீட்டுக்கு அது எட்டாது.

இனி உங்களுக்கு என் யோசனை. மரக்கடைக்காரரை இப்போதைக்கு அனுப்பிவிடுங்கள். பெங்களூர்க்காரரிடம் விற்பனையோடு குத்தகையையும் பேசிப் பாருங்கள். கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று பழைய வீடுகள் விடுதியாக ஓடுவதை அவரும் பார்த்திருப்பார். பதினைந்து, இருபது வருஷக் குத்தகை, கூரையும் வயரிங்கும் அவர் செலவு, இடித்து மாற்றக் கூடாது, படைப்புக்கு வீடு உங்களுக்கு என்று எழுதிப் பதிவு செய்யலாம். குத்தகைக்கும் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும்தான். ஆனால் "விற்க மாட்டேன்" என்று நிற்கிற பெரியவர்கள் குத்தகைக்கு இறங்கி வருவதுண்டு. விற்பனைதான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டால் முழு வீடாக விற்றுப் பங்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் நடக்காது, யாரோ ஒருவர் முரண்டு பிடிக்கிறார் என்றால், வசதியுள்ள ஒரு பங்காளிக்கு உங்கள் பங்கை விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வெளியாள் கொடுக்கிறதைவிட அவர் கூடக் கொடுப்பார், ஏனென்றால் அவர் கணக்கில் ஒரு கையெழுத்து குறைகிறது.

எந்த வழியானாலும் இந்தத் தைக்கு ஊருக்குப் போகும்போது வம்சாவளித் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிற நாள் அதுதான். தாளில் விடுபட்ட பெயரை அங்கே இருக்கிற வயதான ஆச்சியிடம் கேளுங்கள். ஆண்களைக் கேட்டால் பாதி மறந்திருப்பார்கள்.